சீமை அத்தியும் நம் குளிரும்

(பிள்ளை மடுவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு அத்தி பூத்த மாதிரி தகப்பன்மார் கொஞ்சப் பேரும் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம். நான் பேச வந்த விஷயமும் அத்தியைப் பற்றியதுதான். ஓடைக்கரையில் தானாக வளருகிற நம்முடைய நாட்டு அத்தியைச் சொல்லவில்லை. கடையில் பைக்கற்றில் காயவைத்து விற்கிறார்களே, வேதாகமத்தில் வருகிறதே, அந்தச் சீமை அத்தி. அதை நம் குளிரில், நம் வாசலில் வளர்க்கலாம். எப்படி என்று சொல்வதற்கு முன்னால் என்னுடைய தவறு ஒன்றை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2019ஆம் ஆண்டு டவுனில் ஒரு பைக்கற் காய்ந்த அத்திப்பழம் வாங்கினேன். பழத்தைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். விதையை நான் தட்டில் போட்டு முளைக்க வைத்தேன். நன்றாக முளைத்தது. பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி நினைத்துக்கொண்டு 22 வீட்டுக்குக் கன்று கொடுத்தேன். "மூன்று வருடத்தில் பழம் சாப்பிடலாம்" என்று சொல்லியும் விட்டேன். நீங்களும் என் பேச்சை நம்பி, இருக்கிற கையகல இடத்தில் நல்ல இடமாகப் பார்த்து நட்டீர்கள்.

மூன்று வருடம் போனது. மரம் ஆள் உயரம் வளர்ந்தது. இலை கை அகலம் விரிந்தது. பழம் மட்டும் இல்லை. சில மரத்தில் சுண்டைக்காய் அளவு காய் வந்து, வாடி விழுந்தது. அது 2022ஆம் ஆண்டு. அரிசி, மா, பருப்பு எல்லாம் விலை ஏறி, ஒரு பிடி கீரைக்கும் யோசித்த காலம். அப்போது ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, கோபப்படாமல், மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அந்த எடத்துல ரெண்டு பாத்தி லீக்ஸ் போட்டிருந்தா வீட்டுக்கு ஒதவியிருக்கும்." அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் மண்ணை மூன்று வருடம் வீணாக்கியது நான்தான்.

விதையில் வந்த மரம் ஏன் காய்க்கவில்லை?

காரணத்தை எனக்கு விளக்கியது எந்தப் புத்தகமும் இல்லை. நம் தோட்டத்துத் தேயிலைத் தவறணையில் முப்பது வருடம் பேர் போட்டு ஓய்வு பெற்ற ஒரு அம்மா. என் வீட்டு மரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, இத வெத போட்டா வளத்தீங்க?"

"ஆமாம்மா."

"பழைய வெதத் தேயில மலையப் பாத்திருக்கீங்கதானே? ஒரு செடி மாதிரி இன்னொரு செடி இருக்காது. ஒண்ணு நெறைய கொழுந்து குடுக்கும், பக்கத்துல நிக்கிறது சும்மா நிக்கும். அதனாலதானே வீ.பி. வச்சாங்க. கொழுந்து எடுக்கிற எங்களுக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியாமப் போச்சே!"

அவர் சொன்னது முழுக்க உண்மை. டி.ஆர்.ஐ. 2025 என்ற தேயிலை எல்லா மலையிலும் ஒரே மாதிரி இருப்பது அது விதையில் வராமல் தண்டில் வந்ததால்தான். அத்தியும் அப்படியே.

அத்தியில் இன்னொரு விஷயமும் உண்டு. அத்தி பூக்காது என்று சொல்கிறோம். அது பூக்கிறது. பூ முழுவதும் காய்க்குள்ளேயே இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடையில் விற்கும் காய்ந்த பழம் பெரும்பாலும் துருக்கி நாட்டு ஸ்மிர்னா இனம். அந்த இனத்தில் காய் பழமாக வேண்டும் என்றால், ஒரு சின்னஞ்சிறு குளவி காயின் கண் வழியாக உள்ளே போய் மகரந்தம் சேர்க்க வேண்டும். அந்தக் குளவி ஆண் அத்தி மரத்தில்தான் பிறந்து வளரும். நம் மலைநாட்டில் அது இல்லை. அதோடு விதையில் வரும் கன்றில் பாதிக்குப் பாதி ஆண் மரமாகவே போய்விடும். மிச்சத்திலும் பலது குளவி இல்லாமல் காயை உதிர்த்துவிடும். நமக்கு நடந்தது அதுதான்.

இதில் ஏமாந்தது நாம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா விவசாயிகள் 1880களில் இந்த ஸ்மிர்னா அத்தியைக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் வளர்ந்தது, காய் உதிர்ந்தது. தங்களுக்கு உதவாத மரத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். 1899இல் அந்தக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அங்கே பழம் நின்றது.

நமக்கு ஏற்ற இனம்

குளவியே இல்லாமல் தானாகப் பழுக்கும் இனங்களும் உண்டு. அதில் பழைய, கெட்டியான ஒன்று 'பிரௌன் டர்க்கி'. தோல் மண்நிறமும் ஊதாவும் கலந்தது. உள்ளே இளஞ்சிவப்பு. பனி கொட்டுகிற இங்கிலாந்திலேயே வீட்டுத் தோட்டங்களில் அதிகமாக இதைத்தான் வளர்க்கிறார்கள். அங்கே குளிர் காலத்தில் இலை எல்லாம் கொட்டி, குச்சியாக நின்று, மறுபடி துளிர்க்கும்.

ஆகவே நம் தோட்டத்துக் குளிரைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது இரண்டுக்கு. ஒன்று, விதைக் கன்று. இரண்டு, மழை. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துப் புளித்துப் போகும். குளிர் அதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பழைய பங்களா. அதன் சுவர் ஓரமாக இந்த அத்தி நிற்கிறது. பழம் காய்ப்பதைக் கண்ணால் பார்த்தேன், பறித்துத் தின்றும் பார்த்தேன். அனுமதி கேட்டு அதிலிருந்துதான் குச்சி வெட்டினேன். நீங்களும் இதை மறக்கக் கூடாது: காய்த்ததைப் பார்த்த மரத்தில் மட்டும் குச்சி எடுங்கள். யாராவது "அத்திக் கன்று" என்று விற்க வந்தால், விதையில் வந்ததா, குச்சியில் வந்ததா என்று முதலில் கேளுங்கள்.

குச்சி வெட்டி வேர் பிடிக்க வைப்பது

நம் தாய்மாருக்கு வீ.பி. கன்று போடுவது புதிது இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சொல்கிறேன்.

தேயிலைக்குப் பச்சைத் தண்டில் ஒரு இலையும் ஒரு கணுவும் எடுக்கிறோம். அத்திக்கு இலை வேண்டாம். போன வருடம் வளர்ந்து, மண்நிறமாக முற்றிய குச்சியாக எடுக்க வேண்டும். மொத்தம் பென்சில் அளவு, கூடினால் சுண்டுவிரல் அளவு. நீளம் 8 முதல் 10 அங்குலம். அதில் நாலு கணுவாவது இருக்க வேண்டும். பச்சை நுனி அழுகிவிடும். கிழட்டுக் கட்டை வேர் விட நாளாகும்.

மரம் இலை கொட்டி அடங்கியிருக்கும் நேரம் குச்சிக்கு நல்லது. நம் பக்கத்தில் டிசெம்பரிலிருந்து பெப்ரவரி வரை அந்த நேரம் வரும். மரத்தைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கும் குச்சியையும் பயன்படுத்தலாம்.

அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டுங்கள். மேல்பக்கத்தைக் கணுவுக்கு ஓர் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். சாய்வாக இருந்தால் தண்ணீர் தங்காது. எது தலை, எது கால் என்று மாறியும் போகாது. வெட்டிய இடத்தில் பால் வடியும். கழுவிவிட்டு ஒரு நாள் நிழலில் ஆற விடுங்கள்.

மண்ணுக்குச் சத்து வேண்டாம். தவறணைக்கு எடுக்கிற மாதிரி அடி மண்ணும், பாதிக்கு மணலும் போதும். சாணமோ உரமோ போட வேண்டாம். மரக்கறிப் பாத்தி மண்ணையும் எடுக்காதீர்கள். வேரில் முடிச்சுப் போடுகிற, கண்ணுக்குத் தெரியாத புழு அதில் இருக்கும். அத்தி வேர் அதற்குத் தாங்காது. பெரிய சோடாப் போத்தலை மேல்பக்கம் வெட்டி, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, மண் நிரப்பிக் குச்சியைச் செருகுங்கள். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். மேலே ஒரு கணுவோ இரண்டு கணுவோ தெரிந்தால் போதும்.

இனித் தண்ணீர். இதிலும் நான் ஒரு பாடம் படித்தேன். 2023 ஜனவரியில் முதல் தடவை 12 குச்சி வைத்தேன். தேயிலைக் கன்றுக்கு ஊற்றுகிற மாதிரி தினமும் தண்ணீர் ஊற்றினேன். பன்னிரண்டும் அழுகின. தேயிலைத் துண்டில் இலை இருக்கிறது, அது தண்ணீர் குடிக்கும். அத்திக் குச்சியில் இலையே இல்லை. யார் குடிப்பது? மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

வேர் பிடிக்க அடியில் சூடு வேண்டும். குளிரில் அது கிடைக்காது. அந்தத் தவறணை அம்மாதான் ஒரு வழி சொன்னார். லயத்துக் குசினி அடுப்புக்குப் பின்பக்கச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் அல்லவா? அந்தச் சுவரை ஒட்டிப் போத்தல்களை வைக்கச் சொன்னார். இரண்டாம் தடவை 14 குச்சி அப்படி வைத்தேன். 11 குச்சி வேர் பிடித்தது.

இலை முளைத்ததும் வேர் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. குச்சிக்குள் இருக்கும் சத்தைக் கொண்டே முதல் இரண்டு இலை வந்துவிடும். பிடுங்கிப் பார்க்கவும் கூடாது. முக்கியமாகப் பிள்ளைகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்! போத்தல் ஓரமாக வெள்ளை வேர் தெரியும்வரை பொறுங்கள். குளிரில் இரண்டு மாதம், சில நேரம் அதற்கு மேலும் எடுக்கும்.

குச்சி வைத்துப் பிழைக்கவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மரத்தின் தாழ்ந்த கிளையை வளைத்து, அடிப்பட்டையைக் கொஞ்சம் சீவி, மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். தாய் மரமே பால் கொடுத்து வளர்க்கும். நாலைந்து மாதத்தில் வேர் பிடித்ததும் வெட்டிப் பிரிக்கலாம்.

எங்கே வைப்பது?

காம்பராவை ஒட்டி மண்ணில் நட வேண்டாம். அத்தி வேர் தண்ணீரைத் தேடிப் போகும். கானையும், மலசலகூடக் குழியையும், பழைய அத்திவாரத்தையும் உடைத்துவிடும். வாளியில் வையுங்கள். 20 லீற்றர் பெயின்ட் வாளி போதும். அடியில் ஓட்டை போட்டு, கொஞ்சம் உடைந்த கல்லும் ஓடும் போட்டு, அதன்மேல் மண் போடுங்கள். வேரை அடக்கி வைத்தால்தான் அத்தி காய்க்கும். தாராளமாக விட்டால் இலையாகவே போகும். இங்கிலாந்தில் குழி தோண்டி, சுற்றிலும் கல் பலகை வைத்து, அதற்குள் நடுவதும் இதற்காகத்தான்.

வாளியில் வைப்பதில் இன்னொரு நன்மை உண்டு. லயத்தைச் சுற்றியுள்ள நிலம் தோட்டத்து நிலம். அதில் மரம் நட நினைத்தால் துரையிடம் கேட்டுத்தான் நட வேண்டும். வாளி உங்கள் சொந்தம். நாளைக்குக் காணியோடு புது வீடு கிடைத்துப் போனால், மரமும் உங்களோடு வரும்.

நம் பக்கத்தில் காலையில் வெயில், மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி. ஆகவே காலை வெயில் விழுகிற சுவர் ஓரமாக வையுங்கள். சுவர் பகலில் வாங்கிய சூட்டை மாலையில் மரத்துக்குக் கொடுக்கும். ஜனவரி, பெப்ரவரியில் பள்ளத்தில் உறைபனி பிடிக்கும் லயங்களில், இளங்கன்றை இரவில் ஒரு சாக்கால் மூடிவிடுங்கள். முற்றிய மரத்துக்கு அது தேவையில்லை.

மண்ணைப் பற்றி ஒன்று. தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும். அத்திக்குப் பிடிக்காது. ஒரு வாளி மண்ணுக்கு ஒரு பிடி டொலமைட் கலந்து வையுங்கள். அது கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பல் ஒரு பிடி. தேயிலைக்குப் போடும் யூரியாவைப் போட்டால் கொழுந்து மாதிரி இலைதான் வரும். நமக்கு வேண்டியது பழம். வருடத்துக்கு இரண்டு தடவை மக்கிய சாணமும் சாம்பலும் போதும்.

கவ்வாத்தும் காலமும்

அத்தி புதுக் குருத்தில் காய்க்கும். மூன்று நாலு கிளையை மட்டும் முழங்கால் உயரத்தில் விட்டு மற்றதை வெட்டுங்கள். வரும் குருத்தில் ஐந்தாறு இலை விரிந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கொழுந்து எடுக்கும் கைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எப்போது வெட்டுவது? மழை இல்லாத மாதத்தில் பழம் பழுக்கிற மாதிரி பின்னால் கணக்குப் பண்ணி வெட்ட வேண்டும். தேயிலைக்கு நல்ல வாசம் வரும் மாதங்கள் எவையோ, அவைதான் அத்திக்கும் நல்ல மாதங்கள். ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, ஊவாப் பக்கம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. என் மரத்தை 2024 ஜூலை கடைசியில் வெட்டினேன். ஒக்டோபரில் இலைக் கக்கத்தில் காய் வந்தது. 2025 பெப்ரவரியில் முதல் பழம். உங்கள் சொந்தக்காரர் ஊவாவில் இருந்தால், அவர்களுக்கு இந்தக் கணக்கு ஆறு மாதம் தள்ளி வரும்.

இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூள் தெரிந்தால் அது துரு நோய். ஈரத்தில் வரும். விழுந்த இலையைக் கூட்டி எரித்துவிடுங்கள். அடுத்த வாளியோடு ஒட்டி வைக்காதீர்கள், காற்று ஓட வேண்டும்.

பறிப்பதும் சாப்பிடுவதும்

பழம் கழுத்து தொங்கி, தொட்டால் மெத்தென்று இருந்தால் பறிக்கலாம். அதற்கு முன் பறித்தால் வீட்டில் வைத்துப் பழுக்காது. அணிலும் குருவியும் நம்மை விட முந்திக்கொள்ளும். பழைய நுளம்பு வலைத் துண்டால் கட்டி விடுங்கள். மழை வந்தால் வாளியை இஸ்தோப்புக்குள் இழுத்து வையுங்கள்.

தாய்மாருக்கு ஒரு எச்சரிக்கை. அத்திப் பால் தோலில் பட்டு, அதில் வெயிலும் பட்டால் கொப்பளிக்கும். வெட்டும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள். பச்சைக் காயைப் பிள்ளைகள் கடிக்க விடாதீர்கள், வாய் புண்ணாகும்.

இந்தப் பழம் எந்த நோய்க்கும் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். 100 கிராம் பழத்தில் கிட்டத்தட்ட 3 கிராம் நார்ச்சத்து உண்டு. கல்சியம் 35 மில்லிகிராம் அளவு உண்டு. விற்றமின் சி வேண்டும் என்றால் கொய்யாப்பழம்தான் மேல். கீரைப் பாத்தியை அழித்து அத்தி வைக்காதீர்கள். முதலில் கீரை, அவரை, கொய்யா. அதற்குப் பிறகு சுவர் ஓரத்தில் ஒரு வாளி அத்தி.

ஆனாலும் இதையும் சொல்ல வேண்டும். பெப்ரவரியில் ஒன்பது பழம் பழுத்தது. நாலாக வெட்டி இந்த மடுவத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஒரு சின்னப் பிள்ளை விரலை நக்கிவிட்டு, "ஐயா, நாளைக்கும் இருக்கா?" என்று கேட்டது. "இல்லை" என்றுதான் சொல்ல முடிந்தது. அடுத்த வருடம் "இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

வாசலில் 26 கன்று வைத்திருக்கிறேன். எல்லாம் காய்த்த மரத்துக் குச்சி. முதல் 22 கன்றும் 2019இல் நான் ஏமாற்றிய அந்த 22 வீட்டுக்கு. அது என் கடன். பழைய மரத்தை வெட்டி எடுக்க நானும் மம்பட்டியோடு வருகிறேன். அந்த இடத்தில் லீக்ஸ் போடுங்கள், அத்தியை வாளியில் வையுங்கள். மிச்சம் நாலு கன்றுக்கும் குலுக்கிப் போடுவோம்.

விலை எதுவும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் மரத்தை முதல் தடவை கவ்வாத்து வெட்டும்போது, இரண்டு குச்சியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது அது காய்த்ததா இல்லையா என்ற உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.